வளவறையில் கிடக்கும் மருந்துப் பெட்டியைப் பிரிப்பது எப்படி

காரைக்குடியில் முப்பத்து நாலு வருஷம் மருந்துக்கடையில் கம்பவுண்டராக நின்றவன் நான். கடையை விட்டு வந்த பிறகு என்னை யார் தேடப்போகிறார்கள் என்று நினைத்தேன். ஆனால் வருஷத்துக்கு நாலைந்து வீட்டிலிருந்து ஆள் வந்துவிடுகிறது. பங்காளிகள் கூடுகிறார்கள், பூட்டிக் கிடந்த வளவறையை, அதாவது வீட்டு உள்முற்றத்தைச் சுற்றியுள்ள சாமான் அறையைத் திறக்கிறார்கள், பித்தளை அண்டாவுக்கும் மங்குச் சாமானுக்கும் நடுவிலிருந்து ஒரு மருந்துப் பெட்டி வருகிறது. எது நல்லது, எது விஷம் என்று நான் பார்த்துச் சொல்லவேண்டும்.

போன மாசம் கண்டனூரில் ஓர் ஆச்சி. ஐயா ரங்கூனுக்குக் கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் செய்யப் போனவர். நான் போய்ச் சேர்வதற்குள் ஆச்சி ஒரு டப்பாவைத் திறந்து முழங்காலில் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அப்பத்தா போடுவாகளே, அதுதானே தம்பி" என்றார். முகர்ந்து பார்த்தேன். அது மூட்டுவலிக்கு உள்ளதே இல்லை, சிரங்குக்குப் போடும் கந்தகக் களிம்பு. நாற்றத்தோடு போயிற்று. பக்கத்தில் இருந்த வெள்ளைக் களிம்பை எடுத்திருந்தால் எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வந்திருக்காது. அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன்.

முதல் வேலை, எதையும் திறக்காமல் இருப்பது. பெட்டியைச் சன்னல் பக்கம் கொண்டுபோங்கள். தரையில் பழைய சாக்கை விரித்து அதன்மேல் செய்தித்தாளைப் போடுங்கள். ஆத்தங்குடித் தரைக்கல்லில் தைலம் ஊறினால் கறை போகாது, பிறகு வீட்டில் உங்களுக்குத்தான் வசவு. கையுறை போடுங்கள். பக்கத்தில் விளக்கோ ஊதுபத்தியோ வேண்டாம், பாதிப் புட்டியில் டர்பன்டைனும் சாராயமும் இருக்கும். குழந்தைகளை முகப்புக்கு அனுப்பிவிடுங்கள்.

அடுத்து, மூடியைச் சுற்றி மஞ்சள் படிகம் கட்டிய புட்டி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். தீப்புண்ணுக்கு அந்தக் காலத்தில் பிக்ரிக் ஆசிட் கரைசல் போடுவார்கள். தண்ணீர் வற்றிக் காய்ந்துவிட்டால் அது வெடிமருந்து. மூடியைத் திருகும் உராய்வே போதும். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் தொடாமல் அறையைச் சாத்திவிட்டுத் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். நான் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு முறையே போதும்.

இனி புட்டிகள். கருநீலமோ கரும்பச்சையோ, விரலில் தட்டுப்படும்படி வரிவரியாக இருந்தால் அது விஷப் புட்டி. ராத்திரி இருட்டில் கை வைத்தாலே தெரியவேண்டும் என்று அப்படி வார்த்தார்கள். வெள்ளைப் புட்டியில் பக்கவாட்டில் பல்பல்லாக வெட்டிய காகிதம் ஒட்டியிருந்தால் அது எங்களைப் போன்ற கம்பவுண்டர் கலக்கிக் கொடுத்த மிக்சர். ஒரு பல் ஒரு வேளை. உள்ளே இருப்பது என்றைக்கோ செத்துப்போன மருந்து. தனியாக எடுத்து வையுங்கள்.

மிச்சம் இருப்பவை பேட்டண்ட் மருந்துகள். நாங்கள் அப்படிச் சொன்னோமே தவிர, பெரும்பாலானவற்றுக்குப் பேட்டண்ட், அதாவது காப்புரிமை, கிடையாது. பேட்டண்ட் வாங்க வேண்டுமானால் செய்முறையை எழுதிக் கொடுக்கவேண்டும், ரகசியம் போய்விடும். ஆகவே பெயரையும் படத்தையும் பதிந்துகொண்டு செய்முறையை மறைத்தார்கள். அந்த ரகசியம் என்ன என்பதற்கு உங்கள் மூக்கு போதும்.

மூட்டுவலிப் பக்கம் எளிது. எட்டுக்கோணக் கண்ணாடிச் சிமிழ் என்று எல்லாரும் சொல்லுவார்கள், எண்ணிப் பாருங்கள், ஆறு கோணம்தான்: டைகர் பாம். சிங்கப்பூர் சரக்கு என்று நினைப்போம். அதன் பிறப்பு ரங்கூன். ஆவ் சூ கின் என்ற சீன வைத்தியர் அங்கே கடை வைத்திருந்தார். மகன்கள் ஆவ் பூன் ஹாவும் ஆவ் பூன் பாரும் அதைப் பெரிதாக்கி 1926ல் சிங்கப்பூருக்குக் கொண்டுபோனார்கள். மூத்தவர் பெயரில் இருக்கும் 'ஹா' என்றால் புலி. பர்மா போய் வந்தவர்கள் வீட்டில் எல்லாம் இந்தச் சிமிழ் இருப்பதில் ஆச்சரியம் இல்லை. மலாயா போனவர்கள் வீட்டில் கோடாலித் தைலம் இருக்கும், அது 1928ல் சிங்கப்பூரில் தொடங்கியது. ஊரோடு இருந்தவர்களுக்கு அமிர்தாஞ்சனம். காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893ல் பம்பாயில் தொடங்கிப் பிற்பாடு சென்னைக்குக் கொண்டுவந்தார். மீசைக்காரர் படம் போட்ட ஸ்லோன்ஸ் லினிமெண்ட் கிடைத்தால், அது குதிரைக்குத் தேய்த்ததிலிருந்து மனிதனுக்கு வந்த சரக்கு.

பெயர் இத்தனை. உள்ளே கற்பூரம், புதினா உப்பு (மென்தால்), யூகலிப்டஸ், கிராம்பு, விண்டர்கிரீன், மிளகாய்ச் சத்து, டர்பன்டைன். இவற்றில் நாலைந்தை மெழுகிலோ எண்ணெயிலோ கலந்தால் ஒரு மருந்து. மூட்டுக்குள் போய் எதையும் சரிசெய்யாது. தோலில் சூட்டையும் குளிரையும் உணரும் நரம்புகளைத் தட்டிவிட்டு வலியை மறக்கடிக்கும். மிளகாயின் காரத்தை உடம்பு எப்படிச் சூடாக உணர்கிறது என்று கண்டுபிடித்ததற்கு 2021ல் நோபல் பரிசே கொடுத்தார்கள். அதனால் அப்பத்தா தேய்த்ததில் பொய் இல்லை. பொய் சொன்னது லேபிள். 'வாதத்தை வேரோடு அறுக்கும்' என்று போட்டிருப்பான். அமெரிக்காவில் கிளார்க் ஸ்டான்லி என்று ஒருவன் 1893 சிகாகோ கண்காட்சியில் பாம்பைப் பிழிந்து காட்டியே வாத எண்ணெய் விற்றான். பின்னால் அரசாங்கம் சோதித்தபோது பாம்பே இல்லை: பெட்ரோலியத்திலிருந்து எடுத்த லேசான எண்ணெய், கொஞ்சம் மாட்டுக்கொழுப்பு, மிளகாய். அபராதம் இருபது டாலர். நம் சந்தையில் மயிலெண்ணெய் விற்கிறவனும் அந்தப் பரம்பரைதான். உண்மையாகவே மயில் எண்ணெயாக இருந்தால் வாங்கியவருக்கும் வழக்கு உண்டு.

ஆக, வலிக் களிம்புகளைப் பயப்படாமல் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பழசைத் தேய்க்கவேண்டாம், வாசம் போயிருக்கும், கொழுப்பு சிக்கடித்திருக்கும். விண்டர்கிரீன் வாசம், அதாவது அயோடெக்ஸ் மாதிரி வாசம் வருவது எதுவானாலும், ரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் புதிதாக வாங்கிக்கூடத் தாராளமாகத் தேய்க்கக்கூடாது.

தோல் பக்கம்தான் வில்லங்கம். கந்தகக் களிம்பு மஞ்சளாக, அழுகல் வாடையோடு இருக்கும். அது சிரங்குக்கு இன்றும் வேலை செய்யும் மருந்து. பாலாடை போல் வெள்ளையாக, உள்ளே பொடி நறநறக்கும் களிம்பு ஒன்று வரும். சாலிசிலிக், பென்சாயிக் ஆசிட் கலந்ததாக இருந்தால் விட்ஃபீல்டு களிம்பு, படர்தாமரைக்கு. நல்ல மருந்து. ஆனால் அதே வெள்ளையில், அதே நறநறப்பில் பாதரசக் களிம்பும் உண்டு. தேமலுக்கும், 'முகம் வெளுக்கவும்' விற்றார்கள். பாதரசம் தோல் வழியாக ஏறிச் சிறுநீரகத்தைப் பிடிக்கும். கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிக்க என்னாலேயே முடியாது. ஆகவே லேபிள் இல்லாத வெள்ளைக் களிம்பு எல்லாம் பாதரசம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கண்டனூரில் பக்கத்தில் இருந்த வெள்ளைக் களிம்பு டப்பாவும் அப்படித்தான் தனியாகப் போயிற்று.

பழுப்பு மஞ்சளாக ஒரு களிம்பு, பக்கத்தில் கிடந்த துணியெல்லாம் ஊதாக் கறை என்றால் அது கோவாப் பொடி சேர்ந்தது. பிரேசில் மரத்துப் பொடி. போர்த்துக்கீசியர் வழியாகக் கோவாவுக்கு வந்ததால் அந்தப் பெயர். படர்தாமரைக்குக் கேட்கும், ஆனால் தோலைப் பொசுக்கும், கண்ணில் பட்டால் பெரும்பாடு. நம் வேலியோரத்துச் சீமை அகத்தி, வண்டுகொல்லி என்போமே, அதன் இலையில் இருப்பதும் அதற்குச் சொந்தக்காரச் சரக்குதான்.

உள்ளுக்குச் சாப்பிடும் 'ரத்த சுத்தி' மருந்துகளும் தோலுக்கென்றே விற்றவை. இங்கிலாந்தின் கிளார்க்ஸ் பிளட் மிக்சரைப் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் 1909 வாக்கில் சோதித்தபோது பொட்டாசியம் அயோடைடும் கருக்கிய சர்க்கரையும்தான் முக்கியமாக இருந்தன. அது பரவாயில்லை. ஃபௌலர் கரைசல் என்று ஒன்று உண்டு, 1786லிருந்து புழக்கத்தில் இருந்தது, தோல் செதிலுக்குச் சொட்டுச் சொட்டாகக் கொடுப்பார்கள். அது பாஷாணம், ஆர்செனிக். வருஷக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்கு உள்ளங்கை தடித்து, தோலில் புற்றே வந்தது.

ஒதுக்கியதை எங்கே போடுவது? ஊருணியிலும் கொல்லைக் கிணற்றடியிலும் கொட்டாதீர்கள். எரிக்கவும் கூடாது, பாதரசம் புகையாக வந்து உங்கள் நெஞ்சுக்குள்தான் போகும். மூடியோடு இரண்டு பிளாஸ்டிக் பையில் கட்டி, மேலே 'விஷம்' என்று எழுதி, குப்பை வண்டியில் தனியாகச் சொல்லிக் கொடுங்கள். பாதரசம் என்று சந்தேகப்படுகிற டப்பாவைக் கழுவி அலமாரியில் வைக்கும் ஆசையும் வேண்டாம், அதையும் சேர்த்துக் கட்டிவிடுங்கள். கழுவக்கூடியவை வலிக் களிம்புச் சிமிழ்கள் மட்டும். வேண்டாமென்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு பழம்பொருள் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

இத்தனையும் தூக்கிப் போட்டுவிட்டால் முழங்காலுக்கு என்ன செய்வது என்று ஆச்சி கேட்டார். நாங்கள் கடையில் செய்ததைச் சொன்னேன். பச்சைக் கற்பூரம் 4 கிராம், புதினா உப்பு 4 கிராம், ஓம உப்பு (தைமால்) 2 கிராம். மூன்றையும் காய்ந்த கண்ணாடிப் புட்டியில் போட்டு மூடிக் குலுக்குங்கள். தண்ணீர் விடாமலே, அடுப்பில் வைக்காமலே மூன்று உப்பும் கரைந்து நீராகிவிடும். முதல் முறை பார்க்கிறவர்கள் ஏதோ மாயம் என்பார்கள். அதில் 100 மில்லி நல்லெண்ணெய் ஊற்றிக் கலக்கினால் வலித் தைலம் தயார். முதலில் முன்கையில் ஒரு துளி தடவி ஒரு நாள் பாருங்கள். புண்ணில், கண் அருகில், குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். கற்பூரம் கொஞ்சம் வயிற்றுக்குள் போனாலும் குழந்தைக்கு வலிப்பு வரும், உயரத்தில் வையுங்கள். தைலத்துக்கு முன்னால் கல் உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தால் பாதி வலி அங்கேயே இறங்கும். தைலம் போட்ட பிறகு சூடு வைக்காதீர்கள், கொப்பளித்துவிடும். மூட்டு வீங்கிச் சிவந்து காய்ச்சலும் இருந்தால் தைலத்தை மூடி வைத்துவிட்டு டாக்டரிடம் போங்கள்.

தோலுக்கு நான் ஒன்றும் செய்து தருவதில்லை. இப்போதைய பெட்டிகளில் வேறு விஷம் வந்துவிட்டது: படர்தாமரைக்கென்று கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு. மூன்று நாளில் அரிப்பு நிற்கும், மூன்று மாசத்தில் இடுப்பைச் சுற்றிப் படரும். கண்டனூர்ப் பெட்டியில் அப்பத்தா காலத்துச் சரக்கு முடிந்து அடியில் அதுவும் இரண்டு ட்யூப் கிடந்தது, பேரன் வாங்கியதாம். புலிச் சிமிழை மட்டும் ஆச்சி கழுவி வைத்துக்கொண்டார், குங்குமம் போட.