ஃபாரின்ல இருந்து வரும்போது கஸ்டம்ஸ்ல மாட்ட வைக்கிற தப்புகள்

துபாய், சிங்கப்பூர்ல இருந்து சென்னையோ திருச்சியோ வந்து இறங்குறவங்க பல பேரு டூட்டிக்கு, அதாவது சுங்க வரிக்கு பயந்துதான் தப்பு பண்றாங்க, ஆனா மாட்ட வைக்கிறது டூட்டி இல்லைங்க, டூட்டி கட்ட வேண்டிய பொருள பையில வச்சுக்கிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி க்ரீன் சேனல்ல நடக்குறதுதான். அதுல கால் வச்சாலே டூட்டி கட்டுற பொருள் எதுவும் இல்லன்னு நீங்க சொன்னதா அர்த்தம். ரெட் சேனல்ல போய் சொல்லிட்டா மிஞ்சிப்போனா டூட்டி கட்டணும், கட்ட இஷ்டமில்லேன்னா அங்கேயே விட்டுட்டு ரசீது வாங்கிக்கிட்டு திரும்ப ஃபாரின் போகும்போது எடுத்துக்க கேக்கலாம், கஸ்டம்ஸ் சட்டம் 80வது பிரிவுல அதுக்கு வழி இருக்கு. ஆனா உண்மைய டிக்ளேர் பண்ணவங்களுக்குத்தான் அது. மறைச்சு மாட்டினா பறிமுதல், அபராதம், மதிப்பு பெருசா இருந்தா கேஸு.

அடுத்தது கூட்டுக்கணக்கு. ஃப்ரீ அலவன்ஸ், அதாவது ஒருத்தர் டூட்டி இல்லாம கொண்டு வரக்கூடிய பொருளோட மதிப்பு, 50,000 ரூபாயா இருந்தது, 2026 பிப்ரவரில 75,000 ஆச்சு. உடனே புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒன்றரை லட்சம்னு கணக்கு போட்டு 1,20,000 ரூபாய்க்கு ஒரே ஃபோன் வாங்கிட்டு வர்றாங்க. அலவன்ஸ ஒருத்தரோடது இன்னொருத்தரோட சேர்க்க முடியாது, மிச்ச 45,000க்கு டூட்டி உண்டு. 18 வயசு ஆனவங்களுக்கு ஒரு லேப்டாப் இதுல சேராது, அது தனி.

தங்கத்துலதான் பெரிய குழப்பம். டூட்டி இல்லாம பொம்பளைங்களுக்கு 40 கிராம், ஆம்பளைங்களுக்கு 20 கிராம், அதாவது அஞ்சு பவுன், ரெண்டரை பவுன். இது ஒரு வருஷத்துக்கு மேல வெளிநாட்டுல இருந்துட்டு வர்றவங்களுக்கு, அதுவும் நகைக்கு மட்டும். அஞ்சு நாள் டூர் போனவங்க இத நம்பி வாங்காதீங்க. காயின், பிஸ்கட்லாம் நகையே கிடையாது.

ஏர்போர்ட்ல தெரியாத ஆளு பார்சல நீட்டி "அண்ணே வெளியில நம்ம பையன் வந்து வாங்கிக்குவான்"னு சொன்னா இரக்கமே படாதீங்க, கடத்தல் பொருள கொண்டு வர்ற குருவிங்க பொழப்பே அப்படித்தான் ஓடுது, உங்க பையில இருந்தா அது உங்க சரக்குதான்.

எல்இடி டிவிக்கு அலவன்ஸே இல்ல, இ-சிகரெட்டுக்கு 2019லயே தடை, ட்ரோன் இறக்குமதிக்கு 2022ல. சரக்கு பாட்டில் ரெண்டு லிட்டர் வரைக்கும் ஓகே.

கல்யாணம் காட்சின்னு இங்கிருந்து கனமா நகை போட்டுட்டு போறவங்க, கிளம்பும்போதே கஸ்டம்ஸ்ல காட்டி எக்ஸ்போர்ட் சர்டிஃபிகேட் வாங்கிடுங்க, திரும்பி வரும்போது அது இங்கிருந்து போன நகைதான்னு காட்ட அதுதான் ஆதாரம், நேரத்தோட போகணும், அவசரத்துல நடக்காது.