பாலே உடையின் வரலாறு: எழுதும்போது வழுக்கும் இடங்கள்

பாலே என்றதும் நம் கண்முன் வருவது இடுப்பிலிருந்து தட்டு போல விரிந்து நிற்கும் வெள்ளை டுட்டு. அந்தப் படத்தை எடுத்து எந்த நூற்றாண்டின் தலையிலும் கட்டிவிடுவதுதான் முதல் தவறு. ‘ஸ்வான் லேக்’ என்ற நாட்டியம் மாஸ்கோவில் 1877-ல் அரங்கேறியது. இன்று ஆடப்படும் வடிவங்களுக்கு மூலமானது 1895-ல் பீட்டர்ஸ்பர்க்கில் வந்தது. அந்த 1895-ல் அன்னமாக ஆடிய பியரினா லெக்னானியின் புகைப்படங்கள் இருக்கின்றன. அவற்றில் தெரிவது முழங்காலை ஒட்டித் தொங்கும் மணி வடிவப் பாவாடை. உள்ளே வளையம் கோத்துத் தரைக்கு இணையாக நிறுத்திய டுட்டு இருபதாம் நூற்றாண்டின் சரக்கு. நாட்டியம் அரங்கேறிய ஆண்டு ஒன்று, படம் எடுத்த ஆண்டு வேறொன்று. படக்குறிப்பு எழுதுகிறவர்கள் இரண்டையும் தனித்தனியாகச் சொல்லிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

இதே குடும்பத்தில் இன்னொரு தவறு உண்டு. ‘லா சில்ஃபீட்’ 1832-ல் பாரிஸில் வந்தது, ஸ்காட்லாந்து இளைஞன் ஒருவன் காற்றுத் தேவதையிடம் மயங்கும் கதை. அந்தத் தேவதையாக வெள்ளை மஸ்லினில் ஆடியவர் மரீ தாக்லியோனி. ‘லே சில்ஃபீட்’ 1909-ல் ரஷ்ய நாட்டிய அமைப்பாளர் ஃபோகின் சொபானின் இசைக்கு அமைத்த, கதையே இல்லாத நாட்டியம். பின்னது முன்னதன் உடையை வேண்டுமென்றே திரும்பக் கொண்டுவந்தது. அதனால் 1909-க்குப் பிந்தைய படங்கள் 1832-க்குச் சான்றாக நுழைந்துவிடுகின்றன. 1832-க்கு நமக்குக் கிடைப்பவை அச்சுச் சித்திரங்கள்தான். அவற்றில் பாதங்கள் எறும்பு நிற்கும் அளவுக்குக் கூர்மை. வரைந்தவர் ரசிகராகவும் இருந்தார் என்பதை மறக்கக் கூடாது.

அடுத்து, ‘முதன்முதலில்’ என்ற சொல்லின் மீதுள்ள மோகம். பாரிஸ் நடனக்காரி மரீ கமார்கோ 18-ஆம் நூற்றாண்டில் தன் வேகமான காலசைவு தெரிவதற்காகப் பாவாடையைக் கணுக்காலுக்கு மேல் ஏற்றினார் என்பது உண்மை. ஆனால் அதே காலத்து மரீ சாலே செய்தது அதைவிடப் பெரிய துணிச்சல் என்பது என் கருத்து. 1734-ல் லண்டனில் ‘பிக்மாலியன்’ ஆடியபோது அகன்ற இடுப்புக் கூண்டைக் கழற்றிவிட்டு, அவிழ்த்த கூந்தலோடு, மெல்லிய மஸ்லின் அங்கியில் வந்தார். பாவாடை நீளத்தை மட்டும் அளந்துகொண்டிருப்பவர்களுக்கு சாலே கண்ணில் படுவதில்லை. நுனிக்காலில் நின்ற முதல் பெண் மரீ தாக்லியோனி என்பதும் இப்படித்தான். அவருக்கு முன்பே அமாலியா ப்ருன்யோலி போன்றவர்கள் நின்றுகாட்டினார்கள். தாக்லியோனி அதை வித்தையாக இல்லாமல் பாத்திரத்தின் இயல்பாக மாற்றினார். அவர் அணிந்ததும் இன்றைய கெட்டி முனைக் காலணி இல்லை. ஓரங்களில் நூலோட்டி உறுதிப்படுத்திய சாட்டின் செருப்பு, அவ்வளவுதான். உள்ளே கட்டை போல இறுகிய முனை பிற்பாடு இத்தாலிய நடனக்காரிகளோடு வந்தது.

உடையை உடையாக மட்டும் பார்ப்பதுதான் எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது. அந்த வெள்ளை மஸ்லின் ஏன் அவ்வளவு மாயமாகத் தெரிந்தது? 1822-லேயே பாரிஸ் ஓபராவுக்கு எரிவாயு விளக்கு வந்துவிட்டது. அரங்கை மங்கலாக்கி நிலவொளி காட்ட முடிந்த பிறகே வெள்ளைத் துணி ஆவியுருவாகத் தெரிந்தது. அதே விளக்குதான் அந்தத் துணியைத் தின்றது. லண்டனின் ட்ரூரி லேன் அரங்கில் 1844-ல் க்ளாரா வெப்ஸ்டர் உடையில் தீப்பிடித்து இறந்தார். பாரிஸில் துணியைத் தீப்பற்றாமல் பதப்படுத்தும் முறை 1850-களின் இறுதியில் நடைமுறைக்கு வந்தது. பதப்படுத்திய துணி விறைத்தது, பழுப்பேறியது. தாக்லியோனியின் மாணவி எம்மா லிவ்ரி அதை உடுத்த மாட்டேன் என்று ஓபரா இயக்குநருக்கு எழுதியே கொடுத்தார். 1862 நவம்பர் 15 அன்று ஒத்திகையின்போது அவர் பாவாடை எரிவாயுச் சுடரில் பட்டது. எட்டு மாதம் வேதனைப்பட்டு 1863 ஜூலையில் இறந்தபோது அவருக்கு வயது 20. எரிந்து மிஞ்சிய உடைத் துண்டுகளை ஓபரா அருங்காட்சியகம் இன்றும் வைத்திருக்கிறது. பாவாடை குட்டையானதற்குப் பெண் விடுதலை என்று ஒரே வரியில் காரணம் சொல்பவர்கள், அழகுக்காக நீண்ட மஸ்லினை விடாப்பிடியாகக் காத்ததும் ஒரு பெண்ணின் முடிவுதான் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். குட்டையாக்கியதில் பெரும்பங்கு தொழில்நுட்பத்துக்கு உண்டு: 1885-ல் ரஷ்யாவுக்கு வந்த வர்ஜீனியா ட்சூக்கி போன்ற இத்தாலியர்களின் சுழற்சியையும் கால்வேலையையும் நீண்ட பாவாடை மறைத்தது.

ஆண்களை விட்டுவிடுவதும் வழக்கமாகிவிட்டது. பாரிஸ் ஓபராவில் தொழில்முறைப் பெண் நடனக்காரர்கள் மேடையேறியதே 1681-ல்தான். அதற்கு முன் பெண் வேடத்தை முகமூடி போட்ட ஆண்கள் ஆடினார்கள். இடுப்பில் விறைப்பாக விரியும் குட்டைப் பாவாடையை மேடையில் முதலில் அணிந்தவர்களும் ஆண்களே, 18-ஆம் நூற்றாண்டுப் படங்களில் வீரர்களும் தேவர்களும் அப்படித்தான் நிற்கிறார்கள். 1911-ல் ‘ஜிஸெல்’ ஆடிய ரஷ்ய நடனக்காரர் நிஜின்ஸ்கி, இறுக்கமான கால்சட்டைக்கு மேல் வழக்கமான அரைக்கால்சட்டை அணியாமல் வந்ததற்காக ரஷ்ய அரசு அரங்கிலிருந்து நீக்கப்பட்டார். ஆண் உடைக்கு வரலாறு இல்லையென்றால் இந்த ரகளை எதற்கு?

மேடையிலிருந்து தெருவுக்குப் பாணி போனதா, தெருவிலிருந்து மேடைக்கு வந்ததா? ஒரே திசையில் அம்புக்குறி போட்டால் பிசகும். தாக்லியோனியின் உடையில் இறங்கிய தோள், ஒடுங்கிய இடை, மணிப் பாவாடை எல்லாம் அன்றைய மாலை நேர உடையின் சாயல்தான், துணிதான் லேசு. 1910-ல் ‘ஷெஹெரஸாட்’ நாட்டியத்துக்கு ரஷ்ய மேடை, உடை வடிவமைப்பாளர் லியோன் பாக்ஸ்ட் தந்த ஆரஞ்சும் மயில்நீலமும் பாரிஸைக் கிறுகிறுக்க வைத்தன. ஆனாலும் பாரிஸ் உடை வடிவமைப்பாளர் போல் புவாரேயின் கீழைப் பாணி முழுவதும் பாக்ஸ்டிடமிருந்து வந்தது என்று எழுதுவது மிகை. பாக்ஸ்ட் வேலை செய்த ரஷ்ய நாட்டியக் குழு பாரிஸுக்கு வருவதற்கு முன்பே புவாரே, இடையை இறுக்கும் கோர்செட்டைக் கைவிட்டவர். 1924-ல் ‘நீல ரயில்’ நாட்டியத்துக்கு பாரிஸ் உடை வடிவமைப்பாளர் ஷனெல் கொடுத்த பின்னல் நீச்சலுடைகள் கடற்கரையிலிருந்து நேராக மேடைக்கு வந்தவை. எதிர்த்திசையில், இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்காவில் தோல் காலணிக்குத் தட்டுப்பாடு வந்தபோது, உடை வடிவமைப்பாளர் க்ளேர் மெக்கார்டெல் பாலே செருப்பைத் தெருவில் நடக்கும் காலணியாக்கினார்.

நம் ஊர்ப்பக்கமும் ஒரு தாவல் நடக்கிறது. ருக்மிணி தேவி ரஷ்ய பாலே நடனக்காரி அன்னா பாவ்லோவாவைச் சந்தித்ததும், அவர் குழுவைச் சேர்ந்த க்ளியோ நோர்டியிடம் பாலே கற்றதும் உண்மை. அதனாலேயே பரதநாட்டிய உடை பாலேயிலிருந்து வந்தது என்று முடிவு கட்டக் கூடாது. அந்த உடைக்கு அவர் பார்த்தது கோயில் சிற்பங்களையும் நம் சேலைகளையும்.

சான்றுப் பொருளைக் கண்ணை மூடி நம்புவதிலும் கண்ணி இருக்கிறது. பிரெஞ்சு ஓவியர் டெகா 1881-ல் காட்சிக்கு வைத்த பதினான்கு வயது நடனச் சிறுமியின் மெழுகுச் சிற்பம் உண்மையான துணிப் பாவாடையோடு வந்தது. உலக அருங்காட்சியகங்களில் நாம் பார்க்கும் வெண்கல வார்ப்புகளோ 1917-ல் டெகா இறந்த பிறகு செய்யப்பட்டவை. அவற்றின் பாவாடைகளை அவ்வப்போது மாற்றியிருக்கிறார்கள். ஊருக்கு ஊர் நீளமே வேறு. அதைப் பார்த்து 1881-ன் பாவாடை நீளத்தைச் சொல்ல முடியாது.

பயிற்சி உடையிலேயே ஆடும் எளிமை முதல் நாளிலிருந்தே நாட்டிய அமைப்பாளர் பாலன்சினின் கொள்கை என்றும் நினைக்க வேண்டாம். ‘நான்கு குணங்கள்’ என்ற அவருடைய நாட்டியம் 1946-ல் கனமான அலங்கார உடைகளோடுதான் தொடங்கியது. அசைவு உடைக்குள் புதைந்து போனதால் 1951-ல் அவற்றைத் தூக்கி எறிந்தார்கள்.

கடைசியாக இளஞ்சிவப்பு. அது பாலேயின் ‘இயற்கையான’ நிறம் என்று எழுதுகிறார்கள். வெள்ளைத் தோலோடு ஒட்டிப்போகும், காலின் கோடு அறுபடாமல் தெரியும் என்பதே காரணம். கறுப்பினக் கலைஞர்களின் ஹார்லெம் நடன அரங்கம் 1970-களிலேயே காலுறையையும் காலணியையும் ஆடுபவரின் தோல் நிறத்துக்கு மாற்றிக் காட்டியது. ஆயினும் கடையில் கிடைத்தது இளஞ்சிவப்புதான், அதன் மேல் முகப்பூச்சைத் தடவி நிறம் மாற்றிக்கொண்டார்கள். 1929-ல் தொடங்கிய லண்டன் ஃப்ரீட் நிறுவனம், கறுப்பின, ஆசியக் கலைஞர்களின் பாலே பிளாக் குழுவோடு சேர்ந்து பழுப்பு நிற நுனிக்கால் காலணியை விற்பனைக்குக் கொண்டுவந்தது 2018-ல்.