தண்டனையைக் குறைக்கக் கேட்டு மேல்முறையீடு: கெடு தாண்டிய பிறகு செய்யக்கூடாத தவறுகள்

சிறைத்தண்டனை விதித்துத் தீர்ப்பு வந்ததும் வீட்டில் முதல் சில வாரங்கள் அழுகையிலும் பணம் புரட்டுவதிலும் போய்விடும். அப்புறம் வக்கீல் தேடும் படலம். அதற்குள் யாராவது ஒருவர், “முப்பது நாள் முடிஞ்சு போச்சு, இனிமேல் அப்பீல் போட முடியாது” என்று சொல்ல, குடும்பமும் அதை நம்பிக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. நான் பார்த்தவரை, தாமதத்தில் நடக்கும் தவறுகளில் இதுதான் பெரியது. உள்ளே இருப்பவரின் நாட்கள் இதனால்தான் வீணாகின்றன.

1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் 5ஆவது பிரிவு, குறித்த நாளுக்குள் வர முடியாமல் போனதற்குப் போதிய காரணம் காட்டினால் தாமதத்தை மன்னித்து மேல்முறையீட்டை ஏற்கலாம் என்கிறது. இதற்கு மேல் உச்ச வரம்பு எதுவும் அதில் இல்லை. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு சிவில் வழக்கில், 883 நாள் தாமதத்தை உச்ச நீதிமன்றம் 1998இல் மன்னித்தது. எத்தனை நாள் என்பது முக்கியமல்ல, சொல்லும் விளக்கம் ஏற்கத்தக்கதா என்பதே அளவுகோல் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. சில நாள் தாமதம்கூட விளக்கம் இல்லாததால் தள்ளுபடி ஆகலாம் என்பது இதன் மறுபக்கம். சிறையில் ஒருவர் இருக்கும் வழக்கில் தனிமனித சுதந்திரம் சம்பந்தப்பட்டிருப்பதால் நீதிமன்றங்கள் இன்னும் கொஞ்சம் இறங்கி வந்தே பார்க்கின்றன. ஆனால் மனு என்று ஒன்று போட்டால்தானே பார்ப்பார்கள்.

நாளைத் தப்பாக எண்ணுவது

தாமதமே ஆகாத வழக்கில் தாமத மன்னிப்பு மனு போடுகிறவர்களும் உண்டு. 40 நாள் தாமதத்தை 12 நாள் என்று எழுதி, பிறகு திருத்தி அலைகிறவர்களும் உண்டு. மாஜிஸ்திரேட் கொடுத்த தண்டனையை எதிர்த்து செஷன்ஸ் நீதிமன்றம் போக 30 நாள். செஷன்ஸ் நீதிமன்றம் கொடுத்ததை எதிர்த்து உயர் நீதிமன்றம் போக 60 நாள். மரண தண்டனை என்றால் 30 நாள்தான். மேல்முறையீட்டிலும் தோற்றுச் சீராய்வு மனு போட 90 நாள்.

தீர்ப்பு சொன்ன நாளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். நகல் வாங்கத் தேவைப்பட்ட நாட்களையும் கழித்துக்கொள்ளலாம். இங்கேதான் சான்றிட்ட நகலில் இருக்கும் நகல் பிரிவின் முத்திரையைக் கவனிக்க வேண்டும். மனுப் போட்ட தேதி, கட்டணம் கேட்ட தேதி, கட்டிய தேதி, நகல் தயாரான தேதி, வாங்கிய தேதி எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். மனுப் போட்ட நாளிலிருந்து தயாரான நாள் வரைதான் பொதுவாகக் கழியும். கட்டணம் கேட்ட பிறகு பத்து நாள் கழித்துக் கட்டினால் அந்தப் பத்து நாள் உங்கள் தலையில்தான் விழும். தயாரான நகலைப் போய் வாங்காமல் விட்ட நாட்களும் அப்படித்தான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். மாஜிஸ்திரேட் 2025 மார்ச் 3 அன்று தண்டனை விதிக்கிறார். மார்ச் 10 அன்று நகலுக்கு மனு, மார்ச் 21 அன்று நகல் தயார். கழியும் நாட்கள் 12. முப்பதோடு சேர்த்தால் 42. மார்ச் 4இலிருந்து எண்ணினால் கடைசி நாள் ஏப்ரல் 14. அன்று தமிழ்ப் புத்தாண்டு, அம்பேத்கர் பிறந்தநாள், நீதிமன்றம் விடுமுறை. அதனால் ஏப்ரல் 15 அன்று தாக்கல் செய்தாலும் கெடுவுக்குள்தான். கழிவைப் பார்க்காமல் எண்ணினால் ஏப்ரல் 2ஆம் தேதியே எல்லாம் முடிந்துவிட்டதாகத் தோன்றும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிறைத்தண்டனை விதித்தால் தீர்ப்பின் நகலைக் குற்றவாளிக்கு உடனே இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இது 404ஆவது பிரிவு. அந்த நகல் கையில் கிடைத்துவிட்டால், தீர்ப்புக்கு மறுநாளிலிருந்தே கெடு ஓடுகிறது என்று வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. பல வீடுகளில் அந்த இலவச நகல் சிறைக்குள் அவருடைய பையிலேயே கிடக்கும். வெளியே குடும்பம் நகலுக்காக அலைந்துகொண்டிருக்கும்.

மஞ்சள் காமாலை காரணம்

தாமத மன்னிப்பு மனுவோடு வைக்கும் பிரமாணப் பத்திரத்தில், மனுதாரர் மஞ்சள் காமாலையால் பாதிக்கப்பட்டு நாட்டு வைத்தியம் பார்த்து வந்தார் என்ற வாக்கியம் எத்தனை ஆயிரம் முறை வந்திருக்குமோ தெரியாது. நீதிபதிகள் அதைப் படித்துப் படித்துச் சலித்துவிட்டார்கள். சிறைக்குள் இருந்தவருக்கே நாட்டு வைத்தியம் பார்த்ததாக எழுதினால் கதை அங்கேயே முடிந்தது. உண்மையிலேயே காமாலை வந்திருந்தால் மருத்துவமனைச் சீட்டை வையுங்கள். வராத நோயை எழுதி, சத்தியம் செய்து கையெழுத்துப் போட வைப்பது, உள்ளே இருக்கும் மனிதருக்கு இன்னொரு தீங்கு.

உண்மைக் காரணம் பெரும்பாலும் சாதாரணமானது, சொல்லக் கூச்சமானது: பணம் இல்லை. வக்கீல் பீஸுக்கு நகை அடகு வைக்க வேண்டியிருந்தது. படிக்கத் தெரியாத அம்மா மட்டும்தான் வெளியே. இதைத் தேதியோடு எழுதினால் போதும். “வறுமை காரணமாகத் தாமதம் ஏற்பட்டது” என்ற ஒற்றை வரி நிற்காது. “ஏப்ரல் 9 அன்று மனைவி சிறைக்குப் போய் வக்காலத்தைக் கொடுத்தார், சிறை அலுவலரின் சான்றொப்பத்தோடு அது மே 2 அன்றுதான் திரும்பி வந்தது, மே 20 அன்று நகை அடகு வைத்துப் பணம் கிடைத்தது, ஜூன் 3 அன்று மனு தாக்கல் செய்யப்பட்டது” என்று எழுதினால் நிற்கும். சிறை நேர்காணல் சீட்டு, அடகு ரசீது, தபால் ரசீது எல்லாம் கூடவே போகட்டும். மனு தாக்கல் ஆகும் நாள் வரை இடைவெளி விடாமல் விளக்கம் வர வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கெடு முடிந்த முதல் வாரத்துக்கு நல்ல காரணம் இருக்கும், அடுத்த மூன்று மாதத்துக்கு ஒரு வார்த்தையும் இருக்காது. ஒவ்வொரு நாளுக்கும் தராசு பிடித்துப் பார்க்கத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 1987இலேயே சொல்லியிருக்கிறது. அதற்காக மாதக்கணக்கில் மௌனமாக இருந்தால் யாரும் ஏற்க மாட்டார்கள்.

பழைய வக்கீல் மேல் பழி போடுவதானாலும் இதே கதைதான். வழக்குக் கட்டை (வழக்கின் காகிதங்களை) எப்போது கொடுத்தீர்கள், எப்போது விசாரித்தீர்கள், எப்போது திரும்ப வாங்கினீர்கள் என்று இல்லாவிட்டால் அது வெறும் புகார்.

ஜாமீன் உத்தரவை முடிவு என்று நினைப்பது

மூன்று வருடத்துக்கு மேற்படாத தண்டனை, ஆள் ஏற்கெனவே ஜாமீனில் இருக்கிறார் என்றால், தீர்ப்பு சொன்ன நீதிமன்றமே மேல்முறையீடு செய்ய அவகாசம் தந்து தண்டனையைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும். செக் திரும்பிய வழக்குகளில் இது அன்றாடம் நடப்பது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவதால் ஆபத்து நீங்கிவிட்டது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அந்த அவகாசம் முடிந்ததும் பிடியாணை வரும். அதற்குப் பயந்து தலைமறைவானால், தாமதத்துக்குக் காரணம் கேட்கும்போது சொல்ல என்ன இருக்கும்? கெடு நெருங்கும்போதே வக்கீலைப் பார்த்து மேல்முறையீட்டைப் போடுவது, முடியாவிட்டால் அவகாச நீட்டிப்பு கேட்பது, இரண்டும் தவறினால் சரணடைந்து மனுப் போடுவது என்பதுதான் வழி.

சிறையில் இருப்பவருக்குத் தாமதம் வேறு விதத்தில் கடிக்கும். தாமதம் மன்னிக்கப்பட்டு மேல்முறையீட்டுக்கு எண் விழுந்த பிறகுதான் தண்டனை நிறுத்திவைக்கும் மனு வழக்கமாக விசாரணைக்கு வரும். ஆறு மாதம், ஒரு வருடம் போன்ற சின்னத் தண்டனைகளில் இந்த முதல் படியைத் தாண்டுவதற்குள் தண்டனையே தீர்ந்துவிடும். எனவே தாமத மன்னிப்பு, மேல்முறையீடு, தண்டனை நிறுத்திவைப்பு என்ற மூன்று மனுக்களையும் ஒன்றாகத் தயார் செய்து, அவசரத்தைச் சொல்லிச் சீக்கிரம் பட்டியலிடக் கேளுங்கள்.

தப்பான கதவு

தண்டனை கொடுத்த நீதிபதியிடமே போய் “கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள்” என்று மனுப் போடுவது வீண். தீர்ப்பில் கையெழுத்திட்ட பிறகு எழுத்துப்பிழை, கூட்டல் பிழை தவிர எதையும் மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லை. மேல்முறையீடு, சீராய்வு எல்லாம் முடிந்த பிறகு இருப்பது அரசிடம் கேட்கும் தண்டனைக் குறைப்பு; அது நீதிமன்றப் படி இல்லை, விதிகளும் வேறு.

விசாரணைக் காலத்தில் சிறையில் இருந்த நாட்களைக் கழிப்பதையும் சிலர் தண்டனைக் குறைப்பு என்று நினைத்து, அதற்காகத் தாமதமாக மேல்முறையீடு தேடுகிறார்கள். அந்தக் கழிவு சட்டம் தந்த உரிமை, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 468. தீர்ப்பில் விட்டுப்போயிருந்தால் சிறை நிர்வாகத்திடமும் தண்டனை விதித்த நீதிமன்றத்திலும் காவல் நாட்களின் சான்றோடு கேளுங்கள்.

சட்டமே குறைந்தபட்சத் தண்டனை வைத்திருக்கும் குற்றங்களில் எச்சரிக்கை தேவை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 6ஆவது பிரிவில் அது 20 வருடம், வணிக அளவு போதைப்பொருள் வழக்கில் 10 வருடம். அதற்குக் கீழே குறைக்கச் சொல்லி மட்டும் மனு எழுதினால், மேல்முறையீட்டு நீதிபதி மனம் இரங்கினாலும் கை கட்டப்பட்டிருக்கும். அங்கே தீர்ப்பையே, அதாவது குற்றவாளி என்ற முடிவையே எதிர்க்க வேண்டும். நேர்மாறாக, குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள் தங்களுக்கு மேல்முறையீடே கிடையாது என்று நினைக்கிறார்கள். மாஜிஸ்திரேட்டோ செஷன்ஸ் நீதிமன்றமோ தண்டித்திருந்தால், தண்டனை அதிகம், சட்டப்படி சரியில்லை என்ற அளவில் அவர்களும் போகலாம். ரொம்பச் சின்ன தண்டனைகளுக்குத்தான் வழி இல்லை.

“அப்பீல் போட்டால் தண்டனை கூடிவிடும்” என்ற பயமும் பலரைத் தாமதிக்க வைக்கிறது. குற்றவாளி தரப்பு மட்டும் போட்ட மேல்முறையீட்டில் தண்டனையைக் கூட்டக்கூடாது என்பது சட்டத்திலேயே இருக்கிறது.

பணம் இல்லை என்று காத்திருப்பது

சிறையில் உள்ள யாருக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவச சட்ட உதவி உண்டு. 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. 1978இல் உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு, கைதிக்குத் தீர்ப்பு நகலைச் சேர்த்து, சேர்த்ததற்கு எழுத்தில் ஒப்புகை வாங்க வேண்டியது சிறை அதிகாரியின் கடமை என்றது. ஒப்புகை இல்லாவிட்டால் அதுவே தாமதத்துக்கு ஒரு நல்ல காரணம்; சிறைப் பதிவேட்டை வரவழைக்கக் கேட்கலாம்.

வக்கீலே இல்லாவிட்டாலும், கைதி தன் மேல்முறையீட்டைச் சிறை அதிகாரியிடம் கொடுத்தால் அவர் அதை உரிய நீதிமன்றத்துக்கு அனுப்பியே ஆக வேண்டும். அடுத்த முறை நேர்காணலுக்குப் போகும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: தீர்ப்பு நகல் கைக்கு எந்தத் தேதியில் வந்தது, கையெழுத்து வாங்கினார்களா, மேல்முறையீட்டு மனு ஏதாவது எழுதிக் கொடுத்தீர்களா. பதிலைத் தேதியோடு குறித்துக்கொண்டு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். அது மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். நேரில் போக முடியாவிட்டால் 15100 என்ற எண்ணில் பேசலாம்.