டோக்கன் கொடுத்துவிட்டு வரும் கேள்வி

ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும்போது, "ஐயா, ஓசூர் பக்கம் ஒரு மனை பாக்குறோம், ஜெபிச்சுக்கோங்க" என்பார்கள். மனைதான் என்றில்லை; பெங்களூரு வேலை, மகள் கல்யாணம், மாங்காய்த் தோப்பைக் குத்தகைக்கு எடுப்பது என்று எதுவானாலும் இதே கதைதான். ஜெபமில்லாமல் முடிவெடுக்கக்கூடாது, கோபத்தில் முடிவெடுக்கக்கூடாது என்பதெல்லாம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைக்கே தெரியும். அவற்றை விட்டுவிடலாம். ஆலோசனை கேட்பதில் நாம் செய்யும் தவறுகளை மட்டும் பார்ப்போம்.

முடிவெடுத்துவிட்டுக் கேட்பது

"பாக்குறோம்" என்ற சொல்லைக் கொஞ்சம் கிளறினால் டோக்கன், அதாவது முன்பணம், கொடுத்தாயிற்று என்று தெரியவரும். எரிச்சல் வருவது இங்கேதான்.

எரேமியா 42-ஆம் அதிகாரத்தில் படைத்தலைவன் யோகனானும் யூதாவில் மீதியான ஜனங்களும் செய்தது இதுவே. எகிப்துக்குப் போகப் புறப்பட்டு பெத்லகேமுக்கு அருகே தங்கிய பிறகுதான் தீர்க்கதரிசி எரேமியாவிடம் வழி கேட்டார்கள். நன்மையானாலும் தீமையானாலும் கீழ்ப்படிவோம் என்று வாக்கும் கொடுத்தார்கள். பத்து நாள் கழித்து, "போகாதீர்கள்" என்ற பதில் வந்ததும் எரேமியாவையே பொய்யன் என்றார்கள்.

பணம் கைமாறியதும் மனம் அந்தப் பணத்துக்குக் காவல் நிற்கத் தொடங்கிவிடும். சதுர அடி விலையைச் சொல்வார்கள், பக்கத்தில் வரப்போகும் சாலையைச் சொல்வார்கள். விற்பவரின் தங்கை இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்பதை மட்டும் சொல்லமாட்டார்கள். இந்து குடும்பங்களில் 2005 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு உண்டு. அந்த ஒரு கையெழுத்து இல்லாதது வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு இழுக்கும். ஆலோசனை சொல்கிறவரும் மனிதர்தானே, "லட்சம் கொடுத்துட்டோம்" என்றதும் குரல் இளகி, "கர்த்தர் நடத்துவார்" என்று அனுப்பிவிடுவார். அதற்குப் பெயர் ஆலோசனை இல்லை, ஆறுதல்.

டோக்கனுக்கு முன்பே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: கையிருப்பு எவ்வளவு, கடன் எவ்வளவு, மாதத் தவணை எவ்வளவு, வாங்காவிட்டால் என்ன நஷ்டம். கடைசி வரியாக, எந்தத் தகவல் தெரிந்தால் இதைக் கைவிடுவீர்கள் என்று எழுதுங்கள். அந்த வரி காலியாக இருந்தால் நீங்கள் ஆலோசனைக்கு வரவில்லை, ஆசீர்வாதத்துக்கு வந்திருக்கிறீர்கள். டோக்கன் தராமல் பத்திர நகலையே காட்டமாட்டேன் என்கிறாரா விற்பவர்? அங்கேயே பதில் வந்துவிட்டது.

ஒரே மாதிரி ஆட்களிடம் கேட்பது

நீதிமொழிகள் 15:22 ஆலோசனைக்காரர் "அநேகர்" இருக்க வேண்டும் என்கிறது. ஒரே கம்பெனியில், ஒரே ஷிப்டில் வேலை பார்க்கும் பத்துப் பேர் அநேகர் ஆகமாட்டார்கள். யுத்தத்துக்குப் போகலாமா என்று கேட்ட இஸ்ரவேல் ராஜா ஆகாபுக்கு ஏறக்குறைய நானூறு தீர்க்கதரிசிகள் ஒரே குரலில் "போ" என்றார்கள். மாற்றிச் சொன்ன தீர்க்கதரிசி மிகாயாவை அவன் பகைத்தான். நாலு பேர் போதும்: அதைச் செய்து பார்த்தவர், அதில் நஷ்டப்பட்டவர், இதில் ஒரு பைசா லாபமும் இல்லாதவர், உங்கள் மனைவி அல்லது கணவர். புரோக்கர் சபை மூப்பராகவே இருந்தாலும் கமிஷன் கமிஷன்தான்.

போதகரிடம் பத்திரம் காட்டுவது

உங்கள் ஆசை, கடன் பயம், வீட்டுச் சமாதானம் இவற்றுக்குப் போதகர். மூலப்பத்திரத்துக்கும் பட்டாவுக்கும் வக்கீல். வில்லங்கச் சான்றில் பதிவான பரிவர்த்தனைகள் மட்டுமே வரும். பதிவாகாத உயிலோ வாய்வழிப் பாகப்பிரிவினையோ அதில் தெரியாது.

வேதவசனம் எழுதிய சீட்டு எடுத்து முடிவு செய்வது

வேண்டாம்.

தாள் சரியாக இருக்கிறது என்று ஜெபத்தை விடுவது

பக்கத்திலேயே இருந்துகொண்டு தூரதேசத்தார் என்று ஏமாற்ற வந்த கிபியோனியர் காட்டிய பூசணம் பூத்த அப்பத்தை யோசுவாவின் ஆட்கள் சோதித்துத்தான் பார்த்தார்கள், கர்த்தரிடம் கேட்கவில்லை. மூன்று நாளில் உண்மை வெளிவந்தது, ஆனால் அவர்களை உயிரோடு விடுவதாக ஆணையிட்டாயிற்று.

முடிவைச் சொல்லாமல் விடுவது

ஆலோசனை கொடுத்தவர் சொன்னதற்கு நேர்மாறாகச் செய்திருந்தாலும் அவரிடம் போய்ச் சொல்லிவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் வாயால் கேள்விப்பட்டால் அடுத்த முறை அந்த ஆலோசனைக்காரர், "நல்லதுப்பா, உங்க இஷ்டம்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.