பழைய ஸ்பிளெண்டரில் ஆயில் சொட்டுதா? கியர் ஷாஃப்ட் சீல் மாற்றும் முறை

ராத்திரி சைடு ஸ்டாண்டில் போட்ட வண்டிக்கு அடியில் காலையில் பார்த்தால் ஒரு ரூபாய் அகலத்துக்கு ஆயில் பொட்டு. உடனே என்ஜின் இறக்க வேண்டும் என்று பயப்படத் தேவையில்லை. 97.2 சிசி என்ஜின் போட்ட பழைய ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டரில் இடதுபக்கம் கசிந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது கியர் லீவர் நுழையும் இடத்தில் இருக்கும் சின்ன ரப்பர் சீலைத்தான். சேறும் மண்ணும் அந்த இடத்தில்தான் அப்பிக்கொள்கின்றன. சைடு ஸ்டாண்டில் வண்டி சாயும்போது உள்ளே இருக்கும் ஆயிலும் அந்தப் பக்கமே ஒதுங்கும். வருஷக்கணக்கில் சூடு பட்டு ரப்பர் விறைத்துப் போனால், அதன் உதடு, அதாவது உள்விளிம்பு, லீவர் மாட்டியிருக்கும் ஷாஃப்ட்டைக் கவ்விப் பிடிக்காது.

ஆனால் சீல் வாங்க ஓடுவதற்கு முன் கசிவு எங்கிருந்து வருகிறது என்று உறுதி செய்யுங்கள். சொட்டுகிற இடமும் கசிகிற இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. காற்று ஆயிலைப் பின்னால் தள்ளும், எடை கீழே இழுக்கும். என்ஜின் ஆறியதும் மண்ணெண்ணெயோ டீசலோ தொட்ட பிரஷ்ஷால் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து நன்றாகக் காய விடுங்கள். பிறகு முகத்துக்குப் போடும் பவுடரை லீவரைச் சுற்றி, என்ஜின் அடியில், சிலிண்டர் ஹெட்டில் மேலும் கீழும் இருக்கும் டாப்பட் மூடிகளைச் சுற்றி லேசாகத் தூவுங்கள். 5 கி.மீ. ஓட்டிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால், ஈரக்கோடு தொடங்கும் இடம் பளிச்சென்று தெரியும்.

டாப்பட் மூடியில் கோடு தொடங்கினால் அதன் ஓ-ரிங்கை மாற்றினால் போதும். என்ஜின் அடியில் ஆயிலை இறக்கும் டிரெயின் போல்ட்டில் என்றால் அதன் வாஷரை. செயின் ஸ்புராக்கெட் பக்கம் மட்டும் கறுப்பாகப் பிசுபிசுத்தால், அது செயினுக்கு விட்ட ஆயில் தெறித்ததாக இருக்கலாம். அதைக் கசிவு என்று நினைத்து நல்ல சீலைப் பிடுங்கிப் போடுபவர்கள் நிறைய. இன்னொன்று, என்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் பிரீதர் குழாய் அடைத்திருந்தாலோ ஆயில் அளவுக்கு மேல் இருந்தாலோ உள்ளே அழுத்தம் ஏறி, புது சீலையும் தாண்டி ஆயில் வெளியே வரும். அந்த இரண்டையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

வேலைக்கு வேண்டியவை: உங்கள் மாடலுக்கான கியர் ஷாஃப்ட் ஆயில் சீல், டிரெயின் போல்ட் வாஷர், 10W30 கிரேடில் பைக்குக்கான 4T (ஃபோர் ஸ்ட்ரோக்) ஆயில் 900 மி.லி., ஸ்பேனர்கள், மெல்லிய ஸ்குரூ டிரைவர், பழைய பால் பாக்கெட் கவர் ஒன்று. கார் ஆயில் வேண்டாம், இந்த என்ஜினில் கிளட்சும் அதே ஆயிலில்தான் ஓடுகிறது, வழுக்க ஆரம்பித்துவிடும்.

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, என்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது ஆயிலை இறக்குங்கள். கியர் லீவரும் ஷாஃப்ட்டும் சேரும் இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் திரும்ப மாட்டும்போது லீவர் ஒரு பல் ஏறியோ இறங்கியோ நிற்கும். லீவரின் போல்ட்டைத் தளர்த்தினால் மட்டும் போதாது, முழுசாக உருவ வேண்டும். அது ஷாஃப்ட்டில் உள்ள பள்ளத்தில் உட்கார்ந்திருப்பதால், அதை வைத்துக்கொண்டு லீவரை எவ்வளவு இழுத்தாலும் வராது. ஸ்புராக்கெட் கவர் இடைஞ்சலாக இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

இப்போது பழைய சீல் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பார்த்து வையுங்கள். ஸ்குரூ டிரைவரை சீலின் ரப்பரில் மட்டும் கொடுத்து நெம்புங்கள். ஷாஃப்ட்டிலோ சுற்றியுள்ள அலுமினியத்திலோ கீறல் விழுந்தால், புது சீலும் அந்தக் கீறல் வழியாகவே ஒழுகும். சீல் வந்ததும் ஷாஃப்ட்டைத் துடைத்து நகத்தால் வருடிப் பாருங்கள். பழைய உதடு உரசிய இடத்தில் நகம் மாட்டுகிற அளவுக்குத் தேய்மானம் இருந்தால், புது சீலை 1 மி.மீ. வெளியே தள்ளி உட்கார வையுங்கள், உதடு தேயாத இடத்தில் பிடிக்கும்.

புது சீலை அப்படியே நுழைத்தால் ஷாஃப்ட்டின் பற்கள் உதட்டைக் கிழித்துவிடும். மாற்றிய மறுநாளே ஒழுகுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பால் பாக்கெட் கவரைப் பற்களின் மேல் இறுக்கமாகச் சுற்றி, அதன்மேலும் சீலின் உதட்டிலும் ஆயில் தடவி, ஸ்பிரிங் தெரியும் பக்கம் உள்ளே போகும்படி நுழைத்துவிடுங்கள். கவரை உருவிவிட்டு, சீலின் விளிம்பில் உட்காரும் அளவுள்ள சாக்கெட்டையோ குழாயையோ வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டுங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பதே மேல். சுற்றிலும் பேஸ்ட் அப்ப வேண்டாம், அது உள்ளே உதிர்ந்து ஆயில் ஜல்லடையை அடைக்கும்.

டிரெயின் போல்ட்டைப் புது வாஷரோடு முதலில் கையால் திருகி, பிறகு ஸ்பேனரால் அளவாக முறுக்குங்கள். அலுமினியத்தில் மரை போய்விட்டால் சீல் மாற்றியதைவிடப் பெரிய செலவு வரும். 800 மி.லி. ஊற்றி, 3 நிமிஷம் ஐடிலில் ஓடவிட்டு நிறுத்தி, மேலும் 3 நிமிஷம் கழித்து ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கைத் திருகாமல் வைத்து அளவு பாருங்கள். மேல்கோட்டைத் தாண்டாதபடி மிச்சத்தைச் சேர்க்கலாம். லீவரை மார்க்கர் கோட்டுக்கு நேராக மாட்டுங்கள். பின் டயரில் ஆயில் பட்டிருந்தால் சோப்புப் போட்டுக் கழுவாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

மறுபடி பவுடர் தூவி 20 கி.மீ. ஓட்டுங்கள். லீவர் பக்கம் காய்ந்திருந்து, என்ஜினின் இடதுபக்கக் கவர் ஓரத்தில் ஈரம் தெரிந்தால் அது பேக்கிங் (கவருக்கும் என்ஜினுக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கெட்) கசிவு. கவர் போல்ட்களை எதிரெதிராகக் கால் சுற்று மட்டும் இறுக்கிப் பாருங்கள். அதற்கும் நிற்கவில்லையென்றால் கவரைத் திறந்து புதுப் பேக்கிங் போட வேண்டும்.