பழைய ஏ.சி., ஃபிரிட்ஜ் வாயுவைக் காற்றில் விடாமல் கையாளும் முறை

சேலத்தில் வெயில் ஏறும் பங்குனி, சித்திரை மாதங்களில் ஏ.சி. மெக்கானிக்குகளிடம் அதிகம் சொல்லப்படும் குறை, "கேஸ் தீர்ந்துவிட்டது" என்பதாகும். பெட்ரோல் எரிந்து தீர்வதைப் போல இந்த வாயு தீர்வதில்லை. மூடிய செப்புக் குழாய்க்குள் ஆண்டுக்கணக்காகச் சுற்றிவரும் அது குறைந்திருந்தால், எங்கோ கசிகிறது என்பதே பொருள். கசிவை அடைக்காமல் கோடைதோறும் கேஸ் ஏற்றிக்கொள்வது, அதே அளவு வாயுவைத் தவணை முறையில் வானத்துக்கு அனுப்புவதற்குச் சமம்.

முதலில் எந்த வாயு என்று பாருங்கள். அவுட்டோர் யூனிட்டின் பக்கவாட்டிலோ ஃபிரிட்ஜின் பின்புறத்திலோ ஒட்டியுள்ள தகட்டில் அது குறிக்கப்பட்டிருக்கும். ஆர் 12, ஆர் 22 ஆகிய இரண்டிலும் குளோரின் உண்டு. தரையருகே எளிதில் சிதையாத இவை, 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் சூரியனின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஓசோன் படலத்தை அடைந்ததும் புற ஊதாக் கதிரால் உடைந்து குளோரினை விடுவிக்கின்றன. ஒரே குளோரின் அணு ஓர் இலட்சம் ஓசோன் மூலக்கூறுகள் வரை அழிக்கக்கூடும் என்பதால்தான் ஒரு வீட்டின் கசிவையும் சிறிது என்று தள்ள முடியவில்லை. ஆர் 134ஏ, ஆர் 32 ஆகியவை ஓசோனை அழிப்பதில்லை. ஆனாலும் புவியைச் சூடேற்றுவதால் அவற்றையும் திறந்துவிடக் கூடாது. ஆர் 600ஏ தீப்பற்றும். பயிற்சி பெற்றவரே தொடட்டும்.

கசிவைத் தேட உலர் நைட்ரஜனை ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்க்க வேண்டும். ஆக்சிஜனை ஒருபோதும் ஏற்றக் கூடாது. கம்ப்ரசர் எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும். அடைத்த பின் குழாயில் உள்ள காற்றைப் புதிய கேஸால் ஊதித் தள்ளும் பழக்கத்தை அனுமதிக்காதீர்கள். காற்றை உறிஞ்சி வெளியேற்றும் வேக்கம் பம்ப் கேளுங்கள்.

ஸ்பிளிட் ஏ.சி.யைக் கழற்றும்போது கம்ப்ரசர் ஓடும் நிலையில் இருந்தால், மெல்லிய குழாயின் வால்வை முதலில் மூடி, அழுத்தமானி ஏறக்குறையச் சுழியத்துக்கு இறங்கியதும் தடித்த குழாயின் வால்வையும் மூடி, உடனே மின்சாரத்தை நிறுத்தினால் வாயு முழுவதும் அவுட்டோர் யூனிட்டுக்குள் அடங்கிவிடும். கம்ப்ரசர் பழுதான ஏ.சி.க்கும், இத்தகைய வால்வுகளே இல்லாத ஃபிரிட்ஜுக்கும், வாயுவை உறிஞ்சிச் சிலிண்டரில் சேர்க்கும் மீட்பு இயந்திரம் தேவை. சிலிண்டரை 80 விழுக்காட்டுக்கு மேல் நிரப்பக் கூடாது. இரு வகை வாயுக்களைக் கலந்துவிட்டால் மீண்டும் பயன்படுத்த வழியில்லாமல் போகும்.

ஏற்காட்டு விடுதிகளுக்கும் எஸ்டேட் பங்களாக்களுக்கும் சேலத்திலிருந்து ஆள் வரவழைப்போர், 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து அவர் மீட்பு இயந்திரமின்றி வந்து நிற்காதபடி, தொலைபேசியிலேயே அதைக் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், குளிரிலும் புற ஊதாக் கதிர் சமவெளியைவிட வலுவாக விழும் ஊர் அது என்பதையும் நினைவில் கொள்வது நல்லது.

இங்கே விட்ட வாயு அண்டார்டிகாவின் மேலுள்ள ஓசோன் படலத்தில் ஏன் துளையிடுகிறது என்று கேட்பவர் உண்டு. காற்றோட்டம் அதை உலகெங்கும் பரப்புகிறது. தென்துருவக் கடுங்குளிரில் உருவாகும் மேகங்களில்தான் குளோரின் முழு வேகம் பெறுகிறது. அண்டார்டிகாவில் உள்ள பிரிட்டனின் ஹாலி ஆய்வு நிலையத்தில், ஓசோனை அளக்கும் டாப்சன் கருவியால் தொடர்ந்து அளந்துவந்ததால்தான் 1985-இல் அந்தத் துளை உலகுக்குத் தெரிந்தது. 1987-இல், ஓசோனை அழிக்கும் பொருள்களைக் கட்டுப்படுத்தும் மாண்ட்ரியல் உடன்படிக்கை வந்தது; இந்தியா 1992-இல் இணைந்தது. வளரும் நாடுகளில் ஆர் 22 வகை 2030-இல், பராமரிப்புக்கான சிறு அளவு நீங்கலாக, நிறுத்தப்பட வேண்டும். அளவீட்டின் அருமையை ஹாலி நிலையத்தைவிட எதுவும் உணர்த்தாது என்பதால், விடுதிக்காரர்கள் ஒவ்வொரு இயந்திரத்திலும் ஏற்றிய வாயுவை நாளும் கிராமும் இட்டு நோட்டில் எழுதிவர வேண்டும். ஓராண்டில் இருமுறை ஏற்றிய இயந்திரமே முதலில் பழுதுபார்க்க வேண்டியது.

பழைய இரும்புக் கடைக்கு ஃபிரிட்ஜைப் போடும் முன் வாயுவை மீட்டாக வேண்டும். செப்புக்காகக் குழாயை வெட்டும் அந்த நொடியில் எஞ்சியதெல்லாம் போய்விடும். 2000-க்கு முற்பட்ட பெட்டியாயின் சுவரிலுள்ள நுரையிலும் ஓசோனை அழிக்கும் ஆர் 11 வாயு தங்கியிருக்கக்கூடும். அதை உடைக்காமல், எரிக்காமல், முழுப் பெட்டியாகவே அனுமதி பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் ஒப்படையுங்கள்.