கண்மாய் வற்றிய பின் படகைப் பாதுகாப்பது எப்படி?

மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்கள் ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பி, மாசி, பங்குனியில் தரை தெரியத் தொடங்கும். மேலூர்ப் பக்கத்து ஊர்களில் மீன்பிடித் திருவிழாவும் முடிந்துவிட்டால், அடுத்த ஆறேழு மாதங்களுக்குப் படகுக்கு வேலையில்லை. குளிர்நாடுகளில் படகினுள் தேங்கிய நீர் உறைந்து விரிந்து உடலைப் பிளந்துவிடும் என்பதால் பனிக்காலத்துக்கு முன்பே அதைக் கரையேற்றி வைப்பார்கள். நம் படகுகளைக் கெடுப்பவை சித்திரை வெயிலும், கரையானும், ஆடிக் காற்றும்.

கண்மாயில் முழங்கால் அளவு நீர் இருக்கும்போதே படகை மிதக்கவிட்டுக் கரைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். நீர் வடிந்த பின் இழுத்தால், சேற்றில் புதைந்திருக்கும் சீமைக்கருவேல முள்ளும் கல்லும் அடிப்பகுதியைக் கீறிவிடும். "உள்வாயிலேயே (கண்மாயின் நீர் தேங்கும் உட்பகுதியிலேயே) கிடக்கட்டும், யார் எடுக்கப் போகிறார்கள்" என்று விட்டுவிடுவது பெருந்தவறு. கோடையில் அங்கே வண்டல் அள்ள டிராக்டர்கள் இறங்கும். காய்ந்த கோரைக்கு யாராவது தீ வைப்பார்கள். ஃபைபர் படகு தீப்பற்றினால் அணைப்பது மிகக் கடினம்.

கரையேற்றிய அன்றே பாசியையும் சேற்றையும் நல்ல நீரும் தென்னை நாரும் கொண்டு தேய்த்துக் கழுவுங்கள். காய்ந்து இறுகிய பாசியைச் சுரண்டி எடுக்கும்போது மேற்பூச்சும் சேர்ந்து வரும். மீன் செதிலும் வலைத்துண்டும் உள்ளே தங்கினால் எலி வரும். கழுவிய படகை இரண்டு நாள் நிழலில் உலரவிட்டு, ஈரம் முழுதும் போன பிறகே மூடும் வேலையைத் தொடங்க வேண்டும்.

ஃபைபர் படகைக் கவிழ்த்து வைப்பதே நல்லது. நிமிர்த்தி வைத்த படகில் ஒரு கோடைமழை பெய்தாலும் நீர் தேங்கும். ஒரு கன அடி நீரின் எடை ஏறத்தாழ 28 கிலோ. இருபது கன அடி தேங்கினால் 560 கிலோ எடை, தரையில் கிடக்கும் படகின் அடிப்பகுதியை ஓரிரு இடங்களில் மட்டும் அழுத்தி விரிசல் உண்டாக்கும். தேங்கிய நீரில் கொசுவும் பெருகும். கவிழ்த்த படகைத் தரையில் படியவிடாமல், இரண்டு மூன்று இடங்களில் கருங்கல்லை அடுக்கி, அதன்மேல் பனஞ்சட்டம் போட்டு, சாக்கை மடித்து வைத்து, அதன்மேல் விளிம்பை அமர்த்துங்கள். தரைக்கும் படகுக்கும் ஒரு முழ இடைவெளி இருந்தால் காற்று நடமாடும். கரையான் ஏறினாலும் கல்லின்மேல் அதன் மண்பாதை கண்ணுக்குத் தெரியும், வாரம் ஒருமுறை தட்டிவிடலாம்.

நிழல் அமைப்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். நானும் ஓராண்டு ஒரு மூங்கில் பரிசலின்மேல் நீலத் தார்ப்பாயை இறுக்கிப் போர்த்திக் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்தேன். வைகாசியில் அவிழ்த்தபோது உள்ளே பூசணம் பூத்து, மூங்கில் உளுத்து மாவு கொட்டியிருந்தது. உடலோடு ஒட்டிய தார்ப்பாய் வெப்பத்தையும் ஈரத்தையும் உள்ளே அடைத்துவிடுகிறது. நான்கு கால் நட்டு, படகுக்கு மேலே இரண்டடி உயரத்தில் தென்னங்கீற்று வேய்ந்த சிறு கொட்டகைக்கு ஈடு வேறில்லை. வெயில் நேரடியாகப் படும் ஃபைபர் உடல் மங்கி, கையில் சுண்ணாம்புபோல் ஒட்டத் தொடங்கும். பரிசலின் தார்ப்பூச்சோ இளகி வழியும். வேப்பமர நிழலும் நல்லதுதான், ஆனால் காய்ந்த கிளை விழாத இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மரப்படகுக்கு முறை வேறு. பலகை முற்றிலும் காய்ந்தால் சுருங்கி, இணைப்புகள் விலகிவிடும். ஆகவே அதை நிழலில் நிமிர்த்தி வைத்து, உட்புறம் ஈரச் சாக்கைப் பரப்பி, வெயில் கடுமையான நாட்களில் அதை மீண்டும் நனைத்து வர வேண்டும். மழை வந்தால் தேங்கும் நீரை உடனே இறைத்துவிட வேண்டும். வற்றாத ஊருணியோ கிணற்றடித் தொட்டியோ கிடைத்தால் முழுதும் மூழ்கவிடுவதும் உண்டு. நீருக்குள் முழுமையாக மூழ்கிய மரம் காற்றில்லாததால் எளிதில் மக்காது, நனைந்தும் காய்ந்தும் மாறி மாறிக் கிடக்கும் மரமே மக்கும்.

ஆனி பிறந்தால் மேற்கிலிருந்து வீசும் காற்று இலேசான பரிசலை உருட்டிக்கொண்டு போய்விடும். இரு பக்கங்களிலும் முளைக்குச்சி அடித்துக் கட்டுங்கள். கயிறு உரசும் இடத்தில் சாக்குத்துண்டைச் செருகுங்கள். பழைய நைலான் கயிறு வெயிலில் இற்றுப்போயிருக்கும் என்பதால் முறுக்கிப் பார்த்துவிட்டே பயன்படுத்த வேண்டும். துடுப்புகளைச் சுவரில் சாய்க்காமல் படுக்கவைத்தால் வளையாது.

புரட்டாசியில் படகைத் திறந்து, விரல் முட்டியால் அடிப்பகுதி முழுவதையும் தட்டிப் பாருங்கள். ஓசை ஓரிடத்தில் மட்டும் வெறுமையாகக் கேட்டால் அங்கே ஃபைபர் அடுக்குகள் பிரிந்திருக்கலாம். பிறகு சட்டங்களின்மேல் நிமிர்த்தி, உள்ளே நான்கு விரல் உயரம் நீர் ஊற்றி, வெளியே கசியும் இடங்களைச் சாக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள். நீரை வடித்து நன்கு உலர்த்திய பின் ஃபைபரை ரெசினாலும், பரிசலைத் தாராலும் ஒட்டலாம். மரப்படகு முதல் நாள் கசிவது இயல்பு; இரண்டு மூன்று நாள் நீரில் ஊறிப் பலகைகள் உப்பி இடைவெளிகள் அடைபட்ட பிறகும் கசியும் இணைப்புக்கு மட்டும் பஞ்சு அடைத்தால் போதும்.